தினசரிப் பை: முதுகுப் பையா, கேன்வாஸா, தோலா?

பை வாங்கக் கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் துணியைத்தான் தடவிப் பார்க்கிறோம். கெட்டியா, தண்ணீர் இறங்குமா, அழுக்கு தெரியுமா என்று யோசிக்கிறோம். ஆனால் பரணில் தூக்கிப் போட்ட பழைய பைகளை இறக்கிப் பாருங்கள், துணி கிழிந்து போன பை அதில் அபூர்வமாகத்தான் இருக்கும். ஜிப்பு வாய் மூடாமல் நிற்கும். தோள்வார் மேல்முனையில் பிய்ந்திருக்கும். அடிமூலை தேய்ந்து பேனா எட்டிப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் உள்பூச்சு உரிந்து லேப்டாப் மேலெல்லாம் செதில் செதிலாக ஒட்டியிருக்கும். ஒரு பையை இன்னொன்றோடு ஒப்பிடும்போது இந்த நாலில் எது முதலில் வரும் என்று பார்ப்பதுதான் என் வழி. எத்தனை லிட்டர், எத்தனை அறை என்பதெல்லாம் அப்புறம்.

சென்னையில் பஸ், மின்சார ரயில், பைக் என்று ஏதோ ஒன்றில் தினமும் வேலைக்குப் போய்வருகிற ஆண்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். காரில் போகிறவர்களுக்கு எந்தப் பையும் உழைக்கும். பின்சீட்டில் கிடக்கிற பைக்கு என்ன சேதம் வந்துவிடப் போகிறது?

முதலில் உள்ளே போகிற சுமையைக் கணக்குப் போடுங்கள். லேப்டாப் ஒன்றரை கிலோ. சார்ஜரும் வயர்களும் சேர்த்து கால் கிலோவுக்கு மேல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் என்றால் தண்ணீரே ஒரு கிலோ, ஸ்டீல் பாட்டிலின் எடை தனி. சோறும் குழம்புமாக டிபன் பாக்ஸ் முக்கால் கிலோ. குடை, துண்டு, வீட்டுக்கு வாங்கிப் போகிற ஏதாவது ஒன்று. ஆக நாலு கிலோவைத் தொட்டுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர்கள் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அப்பாக்களுக்கு அப்படி ஒரு கொள்கை இல்லை. இருந்தாலும் நாலு கிலோவை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து பீச் வரை நின்றுகொண்டே போனால் ராத்திரி கழுத்து சொல்லிவிடும். அதனால் சுமை இரண்டு கிலோவைத் தாண்டினால் முதுகுப் பை, தாண்டாவிட்டால் மற்றவை என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன்.

கம்பெனி கொடுத்த பை

லேப்டாப்போடு இலவசமாக வருகிற கறுப்புப் பையை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை, ஆனால் ஊரில் பாதிப்பேர் தோளில் தொங்குவது அதுதான். லேப்டாப்புக்கு மட்டும் அது போதும். அதற்குள் டிபனையும் பாட்டிலையும் திணித்தால் தோள்வார் தையல் ஒரு வருடம் தாங்குவதே பெரிது. முதுகில் கம்பெனி பெயர் பெரிதாக இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கூட்டத்துக்கே தெரியும் என்பது இன்னொரு சங்கடம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்க அவசியமில்லை.

முதுகுப் பை: பாலியெஸ்டரா நைலானா

காசு கொடுத்து வாங்குகிற முதுகுப் பைகளில் ஒட்டியிருக்கும் அட்டையில் 600டி, 900டி, 1680டி என்று போட்டிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலை எடை போட்டால் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் டெனியர். 600 டெனியர் என்றால் அவ்வளவு நீள நூல் 600 கிராம். எண் கூடக் கூட நூல் தடிமன் கூடும். நூல் தடித்தால் துணி உறுதி என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் அது எந்த இழை, எவ்வளவு நெருக்கமாக நெய்தது என்பதை அந்த எண் சொல்லாது. 500 டெனியர் நல்ல நைலான், 900 டெனியர் மட்டமான பாலியெஸ்டரைவிட அதிக நாள் வரலாம்.

நைலானின் பலம் உராய்வைத் தாங்குவது. சுவரில், சிமென்ட் தரையில், ரயில் கதவோரத்தில் தேய்ந்துகொண்டே இருக்கிற பைக்கு அது நல்லது. மலையேறிகள் சொல்லும் கோர்டுரா என்ற பெயர் பெரும்பாலும் இந்த வகை நைலான் துணியைத்தான் குறிக்கும். பாலிஸ்டிக் நைலான் என்பது இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் சிதறல் தடுப்பு உடுப்புகளுக்காக வந்த நெசவு. இன்றைக்குத் துப்பாக்கிக் குண்டைத் தடுக்க அது உதவாது, பையின் அடிப்பாகத்துக்கு நன்றாகவே உதவும்.

பாலியெஸ்டரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும், சாயம் சீக்கிரம் வெளுக்காது. தண்ணீரையும் குடிக்காது. சாதாரண ஈரப்பதத்தில் நைலான் தன் எடையில் 4 சதவீதம் வரை ஈரம் வாங்கும், பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. பைக்கில் போகிறவர், பை நாள் முழுக்க வெயிலில் காய்கிறவர் என்றால் நல்ல பாலியெஸ்டரே போதும். 1680 என்ற எண்ணைப் பார்த்ததும் நைலான் என்று நினைத்துவிடாதீர்கள். பல பைகளில் அது பாலியெஸ்டர்தான். உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைப் படித்தால் தெரிந்துவிடும்.

எந்தத் துணியானாலும் உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். தண்ணீர் இறங்காமல் இருப்பது பெரும்பாலும் அதனால்தான். பாலியூரித்தேன் பூச்சாக இருந்தால் சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து நாளடைவில் அதைச் சிதைக்கும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல பை என்று பாலித்தீன் உறையில் கட்டி அலமாரியில் பத்திரப்படுத்தியதும் இப்படித்தான் உரிந்து கிடக்கும். பை உபயோகத்தில் இல்லாத நாளிலும் காற்றோட்டமாகத் தொங்கட்டும்.

மழையைப் பொறுத்தவரை ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தையை நம்பி லேப்டாப்பை ஒப்படைக்க வேண்டாம். துணி தடுத்தாலும் தையல் ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு வழிதான், ஜிப்பு இன்னொரு வழி. நவம்பர் மழைக்கு ரெயின் கவர் தனியாக வேண்டும். அடியில் சின்ன அறையில் கவரோடு வருகிற பைகள் இருக்கின்றன. வராவிட்டால் தனியாக வாங்கிக்கொள்ளலாம், பெரிய விலை இல்லை.

ஜிப்பு, ரன்னர், தையல்

இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். எங்கள் ஸ்டேஷன் வாசலில் பை தைக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். குடைக்கம்பி, செருப்பு, சூட்கேஸ் என்று எல்லாம் பார்ப்பார். அவரிடம் வருகிற பைகளில் பெரும்பாலானவை ஜிப்பு கேஸ்தான். பையைக் கையில் வாங்கியதும் ஜிப்புப் பல்லை அவர் பார்ப்பதே இல்லை, நேராக ரன்னரை, அதாவது ஜிப்பை மூடித் திறக்க நாம் இழுக்கிற அந்தச் சின்னத் துண்டைத்தான் பிடித்துப் பார்ப்பார். ‘பல்லு நல்லாத்தான் சார் இருக்கு, ரன்னர் வாய் விரிஞ்சிருச்சு’ என்று குறடால் இரண்டு பக்கமும் லேசாக ஓர் அழுத்து அழுத்துவார். ஜிப்பு மூடிக்கொள்ளும். ‘இது ஒரு மாசம் ஓடும், அதுக்கப்புறம் மாத்திடணும்’ என்பார்.

அவர் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. நாம் இழுக்க இழுக்க ரன்னரின் உள்சுவர் தேய்ந்து வாய் அகலமாகிறது. இரண்டு பக்கப் பல்லையும் சேர்த்து அழுத்துகிற பிடி தளர்ந்துபோகிறது. திணித்த பையின் ஜிப்பைப் பலம் கொடுத்து இழுத்தால் இது சீக்கிரம் நடக்கும். ஆகவே பெரிய ஜிப்பு, தடித்த ரன்னர். ஜிப்புக்கு 3, 5, 8, 10 என்று அளவு உண்டு. மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். பல ரன்னர்களைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் அந்த எண் பொறித்திருக்கும். முதன்மை அறைக்கு 8 அல்லது 10 இருக்கிற பையை எடுங்கள். 5 என்றால் முன்பக்கச் சின்ன அறைக்குச் சரி, நாலு கிலோவை அடைத்து மூடுகிற வாய்க்கு அது காணாது. 3 பர்ஸுக்கு.

ஒய்கேகே என்று ரன்னரில் பொறித்திருந்தால் நல்லது. 1934-இல் டோக்கியோவில் ததாவோ யோஷிதா தொடங்கிய கம்பெனி அது, ஜிப்பு உலகில் அதன் பெயர்தான் பெரிது. பெயர் பெரிது என்பதாலேயே போலியும் நிறைய. அதனால் பெயரைப் பார்த்ததோடு விடாமல், பையைக் கடையிலேயே ஏதாவது போட்டு நிரப்பச் சொல்லி, வளைவு வருகிற மூலையில் ஜிப்பை ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். அங்கே சிக்கினால் வேறு பை. பிளாஸ்டிக் கம்பியைச் சுருட்டித் தைத்த காயில் வகை ஜிப்பு வளைவுகளில் நன்றாக ஓடும். அதில் மண் புகுந்தாலும் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். உலோகப் பல் அழகு, ஆனால் வியர்வையும் கடல்காற்றும் அதற்கு ஆகாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தோள்வார். வார் பையோடு சேரும் மேல்முனையைப் பிடித்து விரித்துப் பாருங்கள். மேலோட்டமாக ஒட்டித் தைத்திருந்தால் அது பிய்யும். இரண்டு துணிகளுக்கு நடுவே வார் உள்ளே போயிருக்க வேண்டும். அதன் மேல் ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெருக்கல் குறி என்று தையல் ஓடியிருந்தால் தையல்காரர் வேலை தெரிந்தவர். பையைத் திறந்து உள்புறம் திருப்பினால் இன்னொன்றும் தெரியும். துணி ஓரங்கள் பிசிறாக நிற்கின்றனவா, நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறார்களா? பிசிறு நின்றால், ஒவ்வொரு நாளும் நூல் நூலாகக் கழன்று, ஒரு நாள் தையலோடு பிளந்துகொள்ளும். லைனிங் போட்டு ஒட்ட மூடிவிட்ட பைகளில் இதைப் பார்க்க முடியாது, அதுவே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தருகிற விஷயம்.

கேன்வாஸ்

முரட்டுப் பருத்தித் துணி. தபால்காரர் தோளில் பார்த்த காக்கிப் பை இந்த ரகம். இதன் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 400-க்குக் குறைந்தால் அது கடைப்பை, 500-க்கு மேல் போனால் தினசரிப் பை. சில கடைகளில் அவுன்ஸில் சொல்வார்கள், ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். அதாவது 16 அவுன்ஸ் துணி 540-ஐ ஒட்டி வரும்.

கேன்வாஸை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அதை யார் வேண்டுமானாலும் தைக்கலாம் என்பது. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் அசிங்கமாகத் தெரியாது, இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். உரிவதற்குப் பூச்சு இல்லை. சாம்பார் கொட்டினால் துவைத்துவிடலாம். மஞ்சள் கறை போகாது, அது வேறு கதை. நனைந்தால் பருத்தி இழையின் பலம் குறையாது, சொல்லப்போனால் கூடும்.

ஆனால் நனைந்த கேன்வாஸ் சீக்கிரம் காயாது. அடைமழை வாரத்தில் திங்கட்கிழமை நனைந்த பை புதன்கிழமை ஈர வாடை அடிக்கும், வெள்ளிக்கிழமை அடியில் கரும்புள்ளி விழுந்திருக்கும். பூஞ்சை பிடித்த பருத்தி அதற்கப்புறம் தேறாது. மெழுகு பூசிய கேன்வாஸ் இதற்கு மாற்று என்று விற்கிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் சரி, நம் ஊர் மே மாத வெயிலில் மெழுகு இளகிச் சட்டையில் ஒட்டும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜோல்னாப் பையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம், கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில் இவ்வளவுதான் சுமை என்றால் அதைப்போலச் சுகமானது கிடையாது. பவானி ஜமுக்காளத் துணியில் தைத்ததாக இருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். ஜிப்பே இல்லாததால் கெட்டுப்போக ஜிப்பும் இல்லை. லேப்டாப்பை மட்டும் அதில் போடாதீர்கள், கதவில் இடிக்கிற ஓர் இடிக்கு அது தாங்காது.

தோல்

நீண்ட ஆயுள் மட்டும்தான் கணக்கு என்றால் தோலை எதுவும் ஜெயிக்க முடியாது. பஸ் கண்டக்டர்களின் தோல்பையை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சில்லறை, டிக்கெட், நெரிசல், வியர்வை. தடித்த தோல், குறைந்த தையல், மேலே ஒரு மடிப்பு மூடி. பளபளப்பு ஏறும், மடிப்பு விழும், பை மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

தோல் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் மூன்றும் தோல் தொழிலில் பேர்போன ஊர்கள். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் அடையாற்றில் இருக்கிறது. பெரியமேட்டில் தோல் சாமான் கடைகள் வரிசையாக உண்டு. ஷோரூம் விலையைக் கேட்டு மலைப்பதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வரலாம்.

அங்கே போனால் ‘ஜெனுவின் லெதர்’ என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தோல் என்பதை மட்டும்தான் சொல்கிறது, தோலின் எந்த அடுக்கு என்று சொல்லாது. மேலடுக்கைச் சீவாமல் அப்படியே வைத்ததுதான் ஃபுல் கிரெயின், இழைகள் அங்கேதான் நெருக்கம். கீழே பிளந்தெடுத்த அடுக்கின் மேல் பூச்சு அடித்தால் அதுவும் தோல்தான், ஆனால் மடிகிற இடத்தில் பூச்சு வெடிக்கும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். சாயம் பூசி மறைக்காத ஓரமாக இருந்தால் நார் நாராகத் தெரியும். மேற்பரப்பில் மயிர்க்கால் புள்ளிகள் ஒரே சீராக அச்சடித்ததுபோல இருந்தால் அது அச்சடித்ததுதான்.

பதனிடுவதிலும் இரண்டு வழி. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவது நம் பழைய முறை. தாவர முறையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், நாள் ஆக ஆகக் கருத்து அழகு ஏறும். நனைந்தால் கறை விழும், காய்ந்தபின் முரடாகும். குரோம் முறையில், அதாவது குரோமியம் உப்பு போட்டுப் பதனிட்டது மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சென்னையில் தினசரிப் பைக்கு நான் குரோம் பக்கம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். லேப்டாப் கொள்கிற தோல்பை வெறுமனே ஒன்றரை கிலோ இருக்கும், அதாவது உள்ளே எதுவும் வைக்காமலே ஒரு லேப்டாப் சுமக்கிறீர்கள். மழைக்காலத்தில் அலமாரியில் வைத்தால் வெள்ளைப் பூஞ்சை படரும். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விட வேண்டும், பதறிப்போய் வெயிலில் போட்டால் வெடிக்கும். டிபன் கொண்டுபோகிறவருக்குத் தோல்பை சரிவராது. குழம்பு ஒரு தடவை சிந்தினால் அந்த வாசனையோடுதான் மிச்சக் காலம்.

தோல் மாதிரி இருக்கிற ரெக்சின், ‘பியூ லெதர்’ பைகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வாங்கும்போது தோலைவிடப் பளபளப்பாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் கைப்பிடியிலிருந்து தோலுரிய ஆரம்பிக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. வேண்டாம்.

ஒற்றைத் தோளா, இரண்டு தோளா

எடைக்குக் கோடு போட்டாயிற்று, ஆனால் போகிற வழியும் பேசும். பைக்கில் ஒற்றைத் தோள் பை பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் சரிந்து டேங்கில் வந்து இடிக்கும். அங்கே முதுகுப் பைதான், அதுவும் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை இருந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸிலும் ரயிலிலும் கதை தலைகீழ். முதுகில் புடைத்த பையோடு ஏறினால், ‘அண்ணே, பையைக் கழட்டிக் கையில வச்சுக்குங்க’ என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பின்னறை ஜிப்பை யார் திறந்தார்கள் என்பதும் தெரியாது. குறுக்கே மாட்டுகிற பையை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம். முதுகுப் பைதான் என்றால், ஏறும்போதே முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அதனால் மேலே தூக்குவதற்கு உறுதியான கைப்பிடி இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள், தினமும் கழற்றி மாட்டும்போது முதலில் பிய்வது அந்தக் கைப்பிடிதான்.

சரி, எதை வாங்குவது? லேப்டாப்பும் டிபனும் பாட்டிலும் தினமும் சுமக்கிறவருக்கு அலங்காரம் இல்லாத, ஒரே பெரிய அறையும் முன்னால் ஒரு சின்ன அறையும் உள்ள முதுகுப் பை. ரயில், பஸ் என்றால் நைலான், பைக் என்றால் பாலியெஸ்டர். அறைகள் கூடக் கூட ஜிப்பும் கூடும், கெட்டுப்போகிற இடமும் கூடும். டேப்லெட்டும் நோட்டும் மட்டும் எடுத்துப் போகிறவர் கேன்வாஸில் குறுக்குப் பை வாங்கலாம், மழை மாதங்களுக்கு வேறொன்று மாற்றாக இருக்கட்டும். தோல்பை வாங்க வேண்டும் என்று ஆசை இருந்தால் வாங்குங்கள், ஆனால் டிபனுக்குத் தனிக் கூடை என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

கையில் எண்ணூறு ரூபாய்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. புதுச் செருப்பு வாங்கினால் போட்டுக்கொள்வதற்கு முன்னாலேயே ஓரத் தையல் போடக் கொடுப்போமே, அதே வேலையைப் பைக்கும் செய்யலாம். சாதாரண 600 டெனியர் பையை வாங்கி அன்றைக்கே தைப்பவரிடம் கொடுத்து, இரண்டு தோள்வார் மேல்முனைக்கும் கைப்பிடிக்கும் கூடுதல் தையல், அடிமூலை இரண்டுக்கும் துண்டுத்தோல் வைத்து ஒட்டு என்று சொல்லிவிடுங்கள். நூறு இருநூறு ஆகலாம். நைலான் நூல் போடச் சொல்லுங்கள், பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். ஜிப்பு முழுவதையும் மாற்றினால் மட்டும் பை விலையில் பாதி போய்விடும். அதனால் எண்ணூறு ரூபாய்ப் பையானாலும் ரன்னரைத் திருப்பி எண்ணைப் பார்த்தே எடுங்கள்.